நாவின் நுட்பமும் நெஞ்சின் அளவும்

உண்பதும் பருகுவதும் உடலின் தேவைகள். ஆனால் எதை எதனோடு உண்பது, எந்தக் குளிர்ச்சியில் எதைப் பரிமாறுவது, ஒரு மிடற்றை எவ்வாறு சுவைத்து அறிவது என்றெல்லாம் ஆராய்வது தேவையா, ஆடம்பரமா? அதில் மனத்தைச் செலுத்துபவர் பண்பாடு உடையவரா, நாவுக்கு அடிமையா? அறநெறியில் அக்கறை உள்ளவர் எவரும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. வினாவைக் கருத்தளவில் நிறுத்திவிடாமல், குறிப்பிட்ட ஒரு பொருளை முன்வைத்து ஆய்வது நலம். பிரான்சு நாட்டில் ஷாப்லி என்னும் சிற்றூரைச் சூழ்ந்து விளையும் இனிப்பற்ற வெள்ளைத் திராட்சை இரசத்தை அதற்கென நாம் எடுத்துக்கொள்வோம்.

மது என்னும் சொல்லைக் கேட்டவுடனே நம் வாசகர் பலர் முகம் சுளிப்பர். அதற்குக் காரணம் உண்டு. வாரக் கூலி வீடு வந்து சேராத குடும்பங்களை நாம் அறிவோம். அந்தி சாய்ந்ததும் அச்சம் குடியேறும் இல்லங்களையும் அறிவோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவும், உடல் நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவும் இல்லை என 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அறிவித்தது. ஆகவே எவரையும் குடிக்கத் தூண்டுவது நம் நோக்கமன்று. குடியாதவர் குடியாதவராகவே இருப்பது நன்று.

ஆயினும் திராட்சை இரசம் நமக்கு முற்றிலும் அயலான பொருளும் அன்று. திருப்பலியில் நாம் பயன்படுத்தும் இரசம் திராட்சைக் கனியினின்று இயற்கையாகப் பெறப்பட்டதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924-ஆம் சட்டம் விதிக்கிறது. கெட்டதையும் கெடாததையும் பிரித்தறிய மூக்கும் நாவும் வேண்டும். எனவே சுவையறிவு முழுவதையும் இழிவென்று தள்ளிவிட நம்மால் இயலாது. எது தக்க சுவையறிவு, எது தகாதது என்று பகுத்துக் காண்பதே நம் முன் உள்ள பணி.

மண்ணும் உழைப்பும்

ஷாப்லி, பாரீசு நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், பர்கண்டி நிலப்பகுதியின் வடகோடியில், செரேன் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்துள்ளது. ஷார்தொனே என்னும் ஒரே வகை வெள்ளைத் திராட்சையினின்றே அவ்வூரின் இரசம் உருவாகிறது. கிம்மரிட்ஜியன் எனப் பெயரிட்டு நிலவியலார் வழங்கும் சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த அந்த மண், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்குப் பரந்திருந்த கடலின் அடித்தளம். இன்றும் அம்மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன சிறு சிப்பிகள் கையில் அகப்படும்.

அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள பொந்தினி என்னும் ஊரில் 1114-ஆம் ஆண்டு சிஸ்டெர்சியன் துறவியர் மடம் ஒன்றை நிறுவினர். செபமும் உடலுழைப்பும் என்னும் இரு தூண்களின் மேல் வாழ்ந்த அத்துறவியர், 12-ஆம் நூற்றாண்டிலேயே ஷாப்லிச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களைப் பேணினர். அவர்கள் பின்பற்றிய புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நூல், தன் 40-ஆம் அதிகாரத்தில் துறவிக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு அளவு இரசத்தை அனுமதிக்கிறது. அறவே விலக்கும் ஆற்றல் பெற்றவருக்குத் தனிப் பரிசு உண்டென்றும் சொல்கிறது. அந்த அளவு கூடக் கிட்டாத ஊர்களில் வாழ்வோர் இறைவனைப் போற்ற வேண்டுமே தவிர முணுமுணுக்கலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. கொடியைக் கண்ணுங்கருத்துமாக வளர்த்தவர்களுக்கே, கனியின் சாறு கிட்டாதபோது முணுமுணுக்காதே என்னும் கட்டளையும் இருந்தது. நம் வினாவுக்கு விடை தேடுகையில் இதனை மறவாதிருப்போம்.

ஷாப்லி உழவரின் பெரும் பகை வசந்தகாலப் பனி. மொட்டு அரும்பும் ஏப்ரல் இரவுகளில் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கினால், ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் கருகிவிடும். ஆகையால் அவர்கள் வரிசை வரிசையாகத் தீச்சட்டிகளை ஏற்றிவைத்து விடியும்வரை விழித்திருப்பர். சிலர் கொடிகளின் மேல் நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பர். உறையும் நீர் வெளிவிடும் வெப்பம், பனிக்கட்டி உறைக்குள் இருக்கும் மொட்டைக் காக்கும். இத்தனை முயற்சிக்குப் பின்னும் 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் பனி பேரழிவை விளைவித்தது. கிண்ணத்தில் வந்து நிற்கும் பொன்னிறத் துளிக்குப் பின்னால் உறக்கம் துறந்த மனிதர் இருக்கின்றனர். அவர்களை எண்ணாமல் அதனை விழுங்குவதே முதல் நன்றிகேடு.

இவ்வகை இரசத்தைப் பிரெஞ்சு மக்கள் 'செக்' என்பர்; உலர்ந்தது என்பது சொற்பொருள். ஈரமற்ற நீர்மம் உண்டோ என்று நமக்கு வியப்புத் தோன்றும். திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை நொதிகள் உண்டு, ஏறத்தாழ முழுவதையும் சாராயச் சத்தாக மாற்றிவிட்ட நிலையையே இச்சொல் குறிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு லிட்டரில் எஞ்சும் சர்க்கரை 4 கிராமுக்கு மேற்படாதிருந்தால் அதனை 'உலர்ந்தது' எனலாம். புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை இசைவு உண்டு. இனிப்பு விலகிய இடத்தில் எலுமிச்சையையும் பச்சை ஆப்பிளையும் நினைவூட்டும் புளிப்பும், மெல்லிய மணமும் வெளிப்படுகின்றன. இனிப்பு எல்லாரையும் உடனே வயப்படுத்தும். இதுவோ பொறுத்திருந்து கவனிப்பவருக்கே தன்னைக் காட்டும்.

சுவைத்தல்

அதனைச் சுவைக்கும் முறை எளியது. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், அதன் தண்டைப் பிடித்து, வெண்துணியின் முன் வைத்து நிறத்தைக் காண்பர். பின்னர் மெல்லச் சுழற்றி முகர்வர். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் பணியே. சளி பிடித்த நாளில் உணவு சப்பென்று இருப்பதை அனைவரும் அறிவோம். அதன்பின் ஒரு சிறு மிடறு. அதனை நாவெங்கும் பரவவிட்டு, சிறிது காற்றை உள்ளிழுத்து, புளிப்பும் மணமும் எவ்வாறு எழுந்து எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று கவனிப்பர். தொழில்முறைச் சுவைஞர் இதன்பின் செய்வதுதான் நம்மைச் சிந்திக்க வைப்பது: அவர்கள் அதனைத் துப்பிவிடுகின்றனர். ஒரே காலையில் பல பத்து வகைகளை ஆராய வேண்டியவர், விழுங்கினால் அறிவை இழந்துவிடுவார். மிகுதியாக அறிபவரே மிகக் குறைவாக விழுங்குகிறார்.

மெய்யியலறிஞர் அரிஸ்டாட்டில் இந்த உண்மையை 2300 ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். தம் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில் அளவுடைமையைப் பற்றிப் பேசும்போது, அவர் மதுவைச் சோதிப்போரையும் சமையலுக்குச் சுவை கூட்டுவோரையும் எடுத்துக்காட்டுகிறார். சுவைகளைப் பிரித்தறிவதே அவர்கள் தொழில். ஆனால் அளவற்றவன் நாடும் இன்பம் அந்தப் பிரித்தறிதலில் இல்லை, தொண்டையில் இறங்கும் தொடுவுணர்விலேயே இருக்கிறது என்பது அவர் கருத்து. தன் கழுத்து கொக்கின் கழுத்தை விட நீளமாக வேண்டுமென வேண்டிக்கொண்ட ஒரு பெருந்தீனிக்காரனையும் அவர் குறிப்பிடுகிறார். பெருங்குடியன் எதையும் சுவைப்பதில்லை. முதற் கிண்ணத்துக்கும் ஐந்தாம் கிண்ணத்துக்கும் அவனுக்கு வேறுபாடு தெரியாது. அவனுக்கு வேண்டுவது மதுவன்று, மறதியே.

அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய புனித தாமஸ் அக்குவினாரும், உயிர் வாழ்வுக்குரிய இயல்பான இன்பங்களை வெறுத்து ஒதுக்கும் உணர்ச்சியற்ற நிலையை ஒரு குறையாகவே கணிக்கிறார். உயர்ந்த நன்மைக்காக அவற்றைத் துறப்பது வேறு. படைப்பு கீழானது என்றெண்ணித் தள்ளுவது வேறு. ஆக, நுட்பமாகச் சுவைப்பது தன்னளவில் தீமையன்று. அது ஒருவகைக் கவனம். கவனம் எங்கு உண்டோ அங்கு வேகம் தணிகிறது. வேகம் தணிந்த இடத்தில் அளவு பிறக்க வழியுண்டு.

பரிமாறுதல்

தனியே சுவைப்பதோடு இது முடிவதில்லை. இரசம் பந்திக்கு வருகிறது. பந்தியில் பிறர் இருக்கின்றனர். ஷாப்லி இரசத்தை 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் பரிமாறுவது வழக்கம். குளிர்பதனப் பெட்டியின் கடுங்குளிரிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் அடங்கிவிடும்; புளிப்பு மட்டுமே பல்லில் உறைக்கும். மிகவும் வெம்மையானால் சாராயத்தின் காரம் முந்திக்கொள்ளும்.

ஐரோப்பிய உணவகங்களில் குப்பியைத் திறந்ததும், விருந்தளிப்பவரின் கிண்ணத்தில் மட்டும் சிறிது ஊற்றி அவர் முகம் நோக்குவர். இதனை முதல் மரியாதை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு கடமை. தக்கையில் தோன்றும் ஒரு வேதிப்பொருளால் சில குப்பிகள் நனைந்த அட்டைப்பெட்டியைப் போல் நாறும். அப்பழுதை முதலில் தாமே ஏற்று, விருந்தினருக்குச் செல்லாமல் தடுப்பதற்கே அந்த முதல் மிடறு. தமக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கன்று. சுவையறிவு இங்கே பிறரைக் காக்கும் காவலாகிறது. கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளர் முதலில் சுவைத்ததும் இவ்வகைப் பொறுப்பாலேயே. அவர் நா பழுதற்றதாயிருந்தமையால்தான் நல்ல இரசத்தை நல்லதென்று சொல்ல முடிந்தது. அது எங்கிருந்து வந்ததென்று அறியாமலே அவர் அதற்குச் சான்று பகர்ந்தார்.

பரிமாறுபவருக்கு வேறொரு கடமையும் உண்டு. பந்தியில் மது அருந்தாதவர் இருப்பார்; நோய் காரணமாகவோ, சூல்கொண்டமையாலோ, ஒருகாலத்தில் குடிக்கு ஆட்பட்டு அரும்பாடுபட்டு மீண்டமையாலோ அவர் விலக்கியிருக்கலாம். அவர் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றும்போது காரணம் கேளாதிருப்பதும், வற்புறுத்தாதிருப்பதும் பரிமாறுதலின் முதற் பாடம். இப்பாடத்தை அறியாதவர் எத்தனை வகை இரசங்களின் பெயரை அறிந்திருந்தாலும் பயனில்லை.

இணைத்தல்

இனி உணவோடு இணைக்கும் கலை. ஷாப்லிக்குக் கடற்சிப்பி, ஆற்றுமீன், வெண்ணெயில் வதக்கிய வெள்ளை மீன், ஆட்டுப்பாலின் பாலாடைக்கட்டி ஆகியன ஏற்ற துணைகள் என்பது நெடுநாள் அனுபவம். அதற்குக் காரணங்களும் உண்டு. உப்பு, புளிப்பின் கூர்மையைத் தணிக்கிறது. வெண்ணெய், நெய் ஆகியவற்றின் கொழுப்பு நாவில் படிந்திருக்க, புளிப்பு அதனைத் துடைத்து அடுத்த கவளத்துக்கு நாவை ஆயத்தமாக்குகிறது. பொரித்த மீனின் மேல் எலுமிச்சையைப் பிழியும் நம் வீட்டுத் தாய்மார் இந்த நுட்பத்தை எந்த நூலும் இன்றி அறிந்தவர்களே. அதே மீனோடு சிவப்பு இரசத்தைப் பருகினால் சிலவேளை வாயில் கவிச்சி எஞ்சும்; இரசத்திலுள்ள இரும்புச் சத்தே அதற்குக் காரணம் என்று 2009-ஆம் ஆண்டு சப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தனர்.

இணங்காதவையும் உள. இனிப்புப் பண்டத்தோடு சேர்ந்தால் இந்த இரசம் வெறும் புளிநீராகிவிடும். மிளகாய் மிகுந்த குழம்போடு சேர்ந்தால் சாராயம் காரத்தை மேலும் மூட்டிவிடும். எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் பொருள் என்று உலகில் எதுவும் இல்லை. தன் எல்லையை ஒப்புக்கொள்வதும் இணக்கத்தின் ஒரு பகுதியே.

இங்கே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. இனிப்பற்ற வெள்ளை இரசம் தன்னந்தனியே பருகுவோரை அவ்வளவாகக் கவர்வதில்லை. உணவோடு சேரும்போதுதான் அதன் மாண்பு வெளிப்படுகிறது. சிப்பியின் கடல் மணத்தை அது மறைப்பதில்லை. மாறாக அதற்கு வழிவிட்டு, அதை இன்னும் தெளிவாக்குகிறது. அதே நேரத்தில் தானும் கெடுவதில்லை. உப்பின் துணையால் தன் கூர்மை தணிந்து, மறைந்திருந்த கனிமணத்தைக் காட்டுகிறது. ஒன்று மற்றொன்றை விழுங்காமல், இரண்டும் தத்தம் இயல்பில் நின்று உயர்வதே நல்ல இணைப்பு. நட்பையும் இல்லறத்தையும் பற்றி வேறென்ன சொல்ல வேண்டும்?

நுட்பத்தின் பிணி

இதுவரை கூறியன சுவையறிவின் நலங்கள். ஆனால் நுட்பத்துக்கென ஒரு பிணியும் உண்டு. தலையான பாவங்களுள் ஒன்றாகிய போசனப்பிரியம் என்றதும் வயிறு புடைக்க உண்பதையே நாம் நினைக்கிறோம். புனித பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி அக்குவினார் அதனை ஐந்தாக வகுக்கிறார்: நேரத்துக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவு மீறுவது, ஆவலோடு பாய்வது, மிகையான பக்குவம் தேடுவது. இவற்றுள் அளவு மீறுவது ஒன்றே ஒன்று. விலையும் பக்குவமும் பற்றியவை பசியே இல்லாதவரையும் பற்றக் கூடியவை. துப்பிவிடும் சுவைஞர் கூட இவ்விரண்டினின்றும் தப்பிவிட்டார் எனச் சொல்ல முடியாது.

இப்பிணியின் முதல் அறிகுறி, நா அறிந்ததை விட வாய் மிகுதியாகப் பேசுவது. ஷாப்லியின் புளிப்பில் அம்மண்ணின் கல்சிப்பிகளையே சுவைப்பதாகச் சிலர் சொல்வர். அழகான கற்பனை, ஆனால் பாறையின் சுவை வேர் வழியே நேராகக் கனிக்குள் ஏறுவதில்லை என்று நிலவியலார் தெளிவுபடுத்தியுள்ளனர். பொர்தோ நகர ஆய்வாளர்கள் மணமற்ற சாயத்தால் வெள்ளை இரசத்தைச் சிவப்பாக்கி, இரசவியல் பயின்ற 54 மாணவரிடம் தந்தனர். அவர்களோ சிவப்பு இரசத்துக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். 2001-இல் வெளியான ஆய்வு இது. 1976-ஆம் ஆண்டு மே 24 அன்று பாரீசில் பெயரை மறைத்து வைத்த சோதனையில், பர்கண்டியின் புகழ்பெற்ற வெள்ளை இரசங்களுக்கு மேலாக, கலிபோர்னியாவின் மான்டலீனா தோட்டத்து 1973-ஆம் ஆண்டு ஷார்தொனேவுக்குப் பிரெஞ்சு நடுவர்களே முதலிடம் அளித்தனர். நா பொய் சொல்லவில்லை. பெயரும் நிறமும் கண்டு மயங்கும் மனமே பிழைபட்டது. சுவை பற்றிய பேச்சிலும் வாய்மை என்னும் அறம் உண்டு.

இரண்டாம் அறிகுறி இன்னும் கொடியது: பொருள்களைத் தரம் பிரிக்கப் பழகிய நா மனிதரையும் தரம் பிரிக்கத் தொடங்குவது. ஷாப்லியின் மிக உயர்ந்த தோட்டங்கள் ஏழு என்று ஒப்புவிப்பவர், அதை அறியாதவரைத் தாழ்வாக நோக்கினால் அவ்வறிவால் யாருக்கு என்ன பயன்? பாரீசு உணவகங்களின் சமையற்கட்டுகளில் ஈழத்தமிழர் பலர் நெடுங்காலமாக உழைத்து வருகின்றனர். சிப்பியைத் திறந்து தட்டில் அடுக்கும் கை, தாயகத்தை இழந்த ஒருவரின் கையாக இருக்கக்கூடும். சிப்பியின் நுண்மணத்தை அறிந்து, அக்கையை அறியாதிருப்பது கூர்மையன்று. அது நெஞ்சின் மரமரப்பு.

அவ்வாறாயின் தக்க நுட்பத்தையும் தகாத நுட்பத்தையும் பிரித்தறியும் உரைகல் எது? நம் கருத்தில் அது இதுதான்: நாவின் பயிற்சி ஒருவரைச் சிறந்த விருந்தோம்புநராக ஆக்குகிறதா, அல்லது எவராலும் நிறைவு செய்ய முடியாத விருந்தினராக ஆக்குகிறதா? தாம் பரிமாறும்போது எல்லா நுட்பங்களையும் பிறருக்காகப் பயன்படுத்தி, பிறர் பரிமாறும்போது எல்லா நுட்பங்களையும் மறந்து, வைத்ததை மகிழ்ந்து உண்பவரே சுவையறிந்தவர். ஏழையின் திண்ணையில் தந்த கூழையும் வெங்காயத்தையும் குறை காணாமல் உண்ண இயலாத நா, எத்தனை நுட்பமானதாயினும் நோயுற்ற நாவே. பொந்தினித் துறவியருக்கு விதித்த 'முணுமுணுக்காதே' என்னும் சொல்லின் ஆழம் இங்கே விளங்குகிறது. கொடியைப் பேணுவதில் குறை வைக்காதே. கனி கிட்டாதபோது குறை சொல்லாதே. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் குடிகொள்ளும்போது சுவையறிவு அறமாகிறது.

இலத்தீன் மொழியில் ஞானத்தைக் குறிக்கும் சொல்லும் சுவையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. செவில் நகரப் புனித இசிதோரார் தம் சொல்லாராய்ச்சி நூலில் இதனை எடுத்துக்காட்டி, நா உணவுகளைப் பிரித்தறிவது போல ஞானி பொருள்களையும் காரணங்களையும் பிரித்தறிகிறார் என விளக்கினார். ஞானம் என்பது எதை எவ்வளவு, எதனோடு, யாருக்காக என்று அறிவதே.

ஷாப்லி இரசம் நம் வாசகருள் பெரும்பாலோரின் பந்திக்கு வரப்போவதில்லை. வரவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் நாளும் நம் முன் உணவு வைக்கப்படுகிறது. அதனைச் சமைத்தவர் ஒருவர், விளைவித்தவர் பலர், உடனமர்ந்து உண்பவர் சிலர், உண்ண இயலாமல் வெளியே நிற்பவர் பலர். அடுத்த கவளத்தை எடுக்குமுன் சற்றே நிறுத்தி, அதன் சுவையை உண்மையாகவே உணர்ந்து, சமைத்தவரிடம் ஒரு நல்ல சொல் சொல்வோம். நிறுத்தத் தெரிந்தவருக்கே அளவு தெரியும். அளவு தெரிந்தவரின் தட்டில்தான் பிறருக்கும் ஒரு பங்கு எஞ்சும்.